மேட்டுல இருந்தேன்

பிக்கப்பில் கட்டிய ட்ரெய்லரைப் பின்னால் தள்ளும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். அவளுக்கு அது கைவந்த வேலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடுவாள். இன்றைக்கு இரண்டு தடவையும் ட்ரெய்லர் கோணிக்கொண்டது. வாசலில் அத்தனை செருப்புகள் கிடந்தன. தம்பி வெளியே வந்து அவளைப் பார்க்காமல், ட்ரெய்லரின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவது தடவை முயலாமல், பிக்கப் சந்துப் பாதையை அடைத்தபடி நிற்க, அப்படியே இறங்கினாள்.

"அப்பா பதினொரு மணிக்குப் போயிட்டாரு," என்றான் தம்பி. "அக்கா, நான் மூணு தடவை கூப்பிட்டேன்."

"மேட்டுல இருந்தேன்டா. லோடோட. எடுக்க முடியல."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அது பொய் என்பது அவளுக்கே உறைத்தது.

"பாவம், நீ என்ன பண்ணுவ," என்று அவன் அவள் தோளைத் தொட்டான்.

உள்ளே அப்பா ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். எட்டு மாதமாக அவருக்கு அதுதான் இடம். பக்கவாதம் வந்து வலதுகை விழுந்த அன்றே, சந்து தெரிகிற ஜன்னலுக்குக் கட்டிலை நகர்த்தச் சொல்லிவிட்டார். சந்து தெரிய வேண்டும் என்பதில்லை. வண்டி வருவது கேட்க வேண்டும். வீட்டில் இரண்டு பெரியவர்கள், ஒருவர் கட்டிலில், ஒருவர் வாசலில், இரண்டு பேருக்கும் காலையில் இருமல் வந்தால் லேசில் நிற்காது என்று அம்மா கேலி செய்வாள். வாசலில் இருந்தவர் இருபத்திரண்டு வயது டீசல் பிக்கப். ஜெனரேட்டர், கலவை மெஷின், படகு என்று எதைக் கட்டினாலும் முனகிக்கொண்டே இழுத்துவிடும்.

அவர் படுத்த பிறகு அதை ஓட்ட ஆள் வேண்டுமே என்று அவள் ஏறினாள். சம்பாதித்தாள். திரும்பி வந்ததும் விசாரணை. "ஹப் தொட்டியா? எந்த கியர்ல ஏறின? ஆயில் பாத்தியா?" குழறும் நாக்கால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்பார். பதில் சொல்லி முடித்துவிட்டு அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, விரிப்பு மாற்ற வேண்டும். அம்மாவுக்கு இடுப்பு முடியாது. தம்பி முந்தாநாள்தான் விடுப்பில் வந்திருந்தான்.

அத்தை அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அண்ணன் வளர்ப்பு அப்படி. மேடு ஏறும்போது போனைத் தொட்டா தோலை உரிச்சிருவாரே. அவர் சொன்ன மாதிரியே நடந்துக்கிட்டா பாரு, கடைசி நாள்ல கூட."

வந்திருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது.

காலையில் ஏழு மணிக்கே நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த கட்டட வேலையில் ஜெனரேட்டரை இறக்கியாகிவிட்டது. பத்துக்குள் ஊர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, பழைய செங்கல் கிடங்குக்குப் பின்னால் நிழலாக இருந்தது. ஒரு பத்து நிமிஷம் என்று ஒதுக்கினாள். தம்பியின் பேர் போனில் மின்னியபோது விரிப்பு மாற்றக் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள். ஒரு நாளாவது அவனே செய்யட்டுமே என்று போனின் வாயை அடைத்துச் சீட்டில் கவிழ்த்துப் போட்டாள். கால்களை டேஷ்போர்டின் மேல் நீட்டிக்கொண்டாள். எட்டு மாதத்தில் அப்படி ஒரு தூக்கம் அவள் தூங்கியதில்லை. அவர் அங்கே போய்க்கொண்டிருந்தபோது இவள் சுகமாகத் தூங்கியிருக்கிறாள். பன்னிரண்டு மணிக்கு எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. அதை நினைக்க நினைக்கத்தான் அவளுக்குக் கூசியது.

ஒரு மணிக்கு மெக்கானிக் மாமா வந்தார். அப்பாவோடு சேர்ந்து அந்த எஞ்சினை மூன்று தடவை பிரித்துப் பூட்டியவர். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்ததும் நிற்க இடம் தெரியாமல் பிக்கப்பைச் சுற்றினார். ட்ரெய்லர் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, நடு ஹப்பின் மேல் புறங்கையை வைத்தார். தூரம் போய் வந்த சக்கரத்தை அப்படித்தான் பார்ப்பார்கள். பேரிங் கெட்டிருந்தால் ஹப் கொதிக்கும்; புறங்கை வெந்தாலும் உள்ளங்கை ஸ்டியரிங் பிடிக்க மிஞ்சும். நல்ல சக்கரமும் நாற்பது கிலோமீட்டர் நிற்காமல் ஓடிவந்தால் ஒரு மணி நேரத்துக்காவது வெதுவெதுப்பாக இருக்கும்.

அவள் தூங்கி எழுந்த பிறகு இது ஓடியது இரண்டே கிலோமீட்டர். அவள் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை தேவைக்கு மேலேயே அங்கே இருந்தது. பிறகு அடுத்த சக்கரத்துக்குப் போனது.

"அங்கேருந்து எங்கேயும் நிக்காம வந்திருக்கா மாமா," என்றான் தம்பி. "வந்து பாத்தா எல்லாம் முடிஞ்சிருச்சு."

மாமா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பவில்லை, திருப்பத் தெம்பில்லை.

"ஆமா," என்றார். "மோசமான மேடு அது." கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். துடைக்க அதில் கிரீஸ் எதுவும் இல்லை.

அவர் நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினாள். அம்மா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லாத."

"என்னம்மா?"

"காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருந்தாரு, வண்டி வந்துருச்சா, வண்டி வந்துருச்சான்னு. மூச்சு வாங்குது, அப்பவும் அதே கேள்வி. பத்தே முக்கால் இருக்கும், சந்துல தண்ணி லாரி போச்சு. வந்துட்டாளான்னாரு. ஆமாங்க, வந்துட்டா, கேட்டைத் திறக்கறான்னு சொல்லிட்டேன்."

அவள் குழாயை மூடினாள்.

"அவருக்குத் தெரியாதா நம்ம வண்டிச் சத்தம்? தூக்கத்துல கூடத் தெரியுமே. என்னை ஒரு பார்வை பாத்தாரு. அப்புறம் சரின்னு கண்ணை மூடிக்கிட்டாரு." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நாப்பது வருஷத்துல நான் அவர்கிட்ட பொய் சொன்னதில்லடி. கடைசியில ஒரு பொய்யக் கையில குடுத்து அனுப்பிட்டேன். தப்புதானே?"

இப்போது சொல்லிவிட வேண்டும். பொய் உன்னுடையது இல்லை, உன்னைச் சொல்ல வைத்தது நான் என்று. வாயைத் திறந்தாள்.

"தப்பில்லம்மா," என்றாள்.

"நீதான் லோடோட மாட்டிக்கிட்டியே. இல்லேன்னா வந்திருக்க மாட்டியா?" அம்மா அவள் ஈர முகத்தைத் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்கு அவரைக் கொண்டுபோகிற வேன் சந்து முனையில் வந்து நின்று ஹாரன் அடித்தது. உள்ளே வர வழியில்லை.

"பிக்கப்பை எடுக்கணும்," என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் அதை ஓட்டத் தெரிந்தவர்களில் மிச்சம் அவள்தான்.

ஏறி உட்கார்ந்தாள். சீட்டில் அவள் தூங்கிய தடம் இன்னும் அழுந்தியிருந்தது. சாவியைப் பாதி திருப்பி, எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டரின் விளக்கு அணையும்வரை காத்திருந்தாள். பிறகு முழுசாகத் திருப்பினாள். பெரியவர் இரண்டு தடவை இருமிவிட்டு, புகையைக் கக்கி, கடகடவென்று ஓட ஆரம்பித்தார். ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன.

அந்தச் சத்தத்துக்கு மேலாக, ஜன்னலுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. யாருக்கோ காது மந்தம் என்பது போலச் சத்தமாகப் பேசினாள்.

"இப்பக் கேளுங்க. இதுதான் நம்ம வண்டி. இப்பத்தான் வந்திருக்கா."

அவள் கால் கிளட்சில் இருந்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, காலை மெல்ல எடுத்துவிட்டாள். வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

வேன்காரர் இறங்கி வந்து கையை ஆட்டினார். மெக்கானிக் மாமா சந்தின் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"கொஞ்சம் பொறுங்க. பழைய டீசல். சூடு ஏறாம நகத்தக் கூடாது."

ஜன்னலில் அம்மாவின் கை வந்து திரையை முழுசாக ஒதுக்கிவிட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எஞ்சின் சூட்டைக் காட்டும், இன்னும் அடியிலேயே கிடந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.