நகர்ந்துகொண்டே இருந்த தேதி

லொரெட்டா அப்பா வீட்டில் அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்குள் அவருக்கு உடுத்த வேண்டிய துணியை இறுதிச்சடங்கு நிலையத்தில் கொடுக்க வேண்டும். முப்பத்தெட்டு வருடம் டொலீடோ நகரத்துக் கண்ணாடித் தொழிற்சாலையில் உலைக்கு முன்னால் நின்ற அப்பா கேஸிமிர், திங்கட்கிழமை காலை, காப்பி ஆறுவதற்குள் நாற்காலியிலேயே போய்விட்டார்.

தம்பி ஜெரார்ட் ஒரு பிஸ்கட் டின்னை மேசையில் கவிழ்த்து இன்சூரன்ஸ் பத்திரத்தைத் தேடினான்.

"வீட்டு விஷயம் என்னாச்சுக்கா?"

"வேண்டாம்னு சொல்லப்போறேன். வெள்ளிக்கிழமை கெடு."

விவாகரத்துக்குப் பிறகு, ஆறு வருடமாக அவள் வாடகைக்கு இருக்கும் வீடு. விற்பதென்று முடிவானதும் சொந்தக்காரி முதலில் அவளிடம்தான் கேட்டாள். ஆனால் விவாகரத்துச் சமயத்தில் கட்டாமல் விட்ட ஒரு கிரெடிட் கார்டு கடன், லொரெட்டாவின் கடன் அறிக்கையில் இன்னும் இருந்தது; அது இருக்கும்வரை பேங்க் வீட்டுக் கடன் தராது. ஏழு வருடத்தில் அது நீங்கிவிடும் என்பார்கள். அவள் எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் 'கடைசி நடவடிக்கை' என்ற தேதி முன்னால் நகர்ந்திருந்தது.

"ஏழு வருஷம் முடியவே முடியாதுடா. நான் ஒண்ணும் பண்ணல. அது பாட்டுக்கு போன மாசத் தேதியைக் காட்டுது."

ஜெரார்ட் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டைப் பிரித்தான். மணி ஆர்டர் அடிக்கட்டைகள். அப்பா செக் புத்தகத்தைத் தொட்டதில்லை. மின்கட்டணம்கூட மளிகைக் கடையில் மணி ஆர்டர் வாங்கித்தான் கட்டுவார்.

"மாசம் இருபத்தஞ்சு டாலர். ஏதோ கடன் வசூல் கம்பெனிக்கு. அப்பாவுக்கு ஏது கடன்?"

அவன் கணக்கு எண்ணைப் படித்தான். லொரெட்டா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து அறிக்கையை எடுத்தாள். அதே எண். விவாகரத்தின்போது அப்பாவோடு தங்கியிருந்ததால் அவள் இந்த வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருந்தாள். கடிதங்கள் எல்லாம் அவரிடம்தான் வந்திருக்கின்றன.

"கிழவர் வாயே திறக்கல பாரு," என்றான் ஜெரார்ட்.

"சொன்னா நான் விட்டிருப்பேனா?"

இரண்டு எண்களையும் மறுபடி ஒத்துப் பார்த்தாள். "அப்ப தேதியை நகர்த்தினது அவர்தான். எனக்கு நல்லது பண்றோம்னு நெனச்சு..."

"இரு. இதுல நாலு தேதி இருக்கு. நீ எதைப் பாத்த?"

"இதைத்தான்."

"அது கடைசியா பணம் போன தேதி. அது எங்க போனா நமக்கென்ன? ஏழு வருஷம் எண்ணுறது இங்கேருந்து." 'முதல் தவணை தவறிய தேதி' என்ற வரியில் விரலை வைத்தான். "யாரு கட்டினாலும் இது அசையாது. அடுத்த மாசம் முடியுது, லோன் கைக்கு வர்றதுக்குள்ள போயிடும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"திவாலானவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?"

அவள் சிரித்துவிட்டாள். துக்க வீடு என்று நினைவு வந்து நிறுத்தினாள். முடியவில்லை, மறுபடி சிரித்தாள். ஜெரார்ட் அறிக்கையில் பாக்கித் தொகையைத் தேடினான்.

"பாக்கி அம்பது டாலர்," என்றான். "ரெண்டு மாசம்தான் இருந்திருக்கு."

"அதை நான் கட்டிக்கறேன்."

துணியைக் கொடுக்கப் போகும் வழியில், அடக்கத்துக்குப் போட அவளுடைய கருப்புச் செருப்பை எடுக்க அவள் வீட்டில் காரை நிறுத்தினார்கள். இறங்குமுன் சொந்தக்காரிக்குப் போன் செய்தாள். "வீட்டை நானே வாங்கிக்கறேன். நாளைக்கு அப்பா அடக்கம் முடியட்டும். வெள்ளிக்கிழமை பேங்க்குக்குப் போறேன். வேற யாருக்கும் வித்துடாதீங்க."

செருப்போடு திரும்பி வரும்போது நடைபாதையை விட்டு முற்றத்தில் இறங்கி நடந்தாள். பனி உருகி ஒரு வாரமாகியிருந்தது. அவள் குதிகால் மண்ணுக்குள் மெல்ல இறங்கியது.