பூட்டுக்காரர் பார்க்கும் நிறம்

பூட்டுக்காரர் எதைப் பார்த்தாலும், அவர் பார்த்துக்கொண்டிருக்கும் வரை, அது எல்லோர் கண்ணுக்கும் அவருக்குத் தெரிகிற நிறத்திலேயே தெரிந்தது. அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. இரண்டுமே மழை விட்ட மறுநாள் தெருவின் நிறம். அவர் கடைத்தெருவில் நின்றால் தக்காளி காயா பழமா என்று விற்பவருக்கே தெரியாது. சிக்னலை அண்ணாந்து பார்த்துவிட்டாரென்றால் நாலு பக்கமும் வண்டிகள் நின்று ஹாரனாலேயே ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும். சின்ன வயதில் அவரைச் சோதித்த கண் டாக்டர், புள்ளிகளுக்குள் எண்களை ஒளித்துவைத்த அட்டைகளைக் காட்டினார். பையன் பார்க்கப் பார்க்க டாக்டருக்கும் எண்கள் மறைந்தன. போதாததற்கு, நிறபேதம் தெரியாதவர்களுக்கு மட்டுமே தெரியும் என்று அவர் படித்திருந்த ஓர் ஐந்து, கடைசி அட்டையில் குண்டாக எழுந்து நின்றது. கோளாறு தன் கண்ணில்தான் என்று முடிவுகட்டிய டாக்டர், பையனுக்குப் பார்வை நன்றாக இருப்பதாக எழுதிக்கொடுத்துவிட்டு, கார் ஓட்டுவதை அன்றோடு நிறுத்திக்கொண்டார்.

ஊரில் எத்தனையோ பெண்கள் இருக்க, அவர் கட்டிக்கொண்டது பெயின்ட் கடையில் நிறம் கலப்பவளை. வெள்ளையிலேயே பதினாறு வகை சொல்வாள். அவள் வீட்டுக் கதவைத் திறக்க வந்தவர் மரியாதையாகப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் விஷயம் வெளியே வரவில்லை. கல்யாணத்தன்று வந்தது. மாப்பிள்ளை பெண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போட்டோ முழுக்க அவளுடைய சிவப்பு உடை சேறாக விழுந்திருந்தது. "கொஞ்ச நேரம் வேற எங்கயாச்சும் பாக்கச் சொல்லேன்டி உன் புருஷனை" என்று அவள் அம்மா பல்லைக் கடித்தாள்.

பெயின்ட் கடைக்குள் அவர் கால் வைக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு குடித்தனம் ஒழுங்காகத்தான் போனது. மூன்றாம் வருஷம் முதலாளியின் இரும்புப் பெட்டி மக்கர் பண்ண, வேறு வழியில்லாமல் அவரைக் கண்ணைக் கட்டிக் கூட்டிவந்தார்கள். பெட்டியைத் திறந்த சந்தோஷத்தில் ஒரு தும்மல் போட்டார், கட்டு அவிழ்ந்தது. அந்த நேரம் பார்த்து அவள் பிரசவ ஆஸ்பத்திரிக்கு இளம்பச்சை கலந்துகொண்டிருந்தாள். எந்த டப்பா பச்சை, எது சிவப்பு என்று தெரியாமல் போய், ஆஸ்பத்திரிக்குப் போனது ரத்தச் சிவப்பு. பெயின்டர்கள் கொடுத்ததைப் பூசித்தான் பழக்கம், பூசிவிட்டார்கள். வாசலிலேயே இரண்டு கர்ப்பிணிகள் மயங்கி விழுந்தார்கள். மூன்றாமவள் திரும்பி வீட்டுக்கு நடந்து சௌகரியமாகப் பெற்றுக்கொண்டாள். "இன்னொரு தடவை உங்க வீட்டுக்காரர் இந்தப் படி ஏறினா, நீங்களும் அவரோடவே இறங்கிப் போயிடுங்கம்மா" என்றார் முதலாளி.

அன்று சாயந்திரம் அவள் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினாள். "கடையை விடுங்க. என்னை ஒரு நாளாவது ஒழுங்காப் பாத்திருக்கீங்களா? உங்க கண்ணுக்கு நானும் சேறுதானே?" பூட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வீட்டுக்குள் அவர் கண்ணைத் திறக்கவில்லை. கதவில் முட்டிக்கொண்டார், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார், சாப்பிடும்போது தட்டுக்கும் மேஜைக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. வாசற்படி தாண்டிய பிறகுதான் கண் திறக்கும். அவளுக்கு முதலில் கொண்டாட்டம். சிவப்பில் திரைச்சீலை, பச்சையில் மெத்தை விரிப்பு என்று வாங்கிக் குவித்தாள். பதினாறு வயதிலிருந்து கன்னத்தில் இருந்த பருச் சிவப்பைப் பவுடர் போட்டு மறைத்துக்கொண்டு, புதுச் சிவப்பு உடையில் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பார்க்கத்தான் ஆளில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிறவர் பார்க்காமல் இருப்பது இவ்வளவு வலிக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "இங்க கொஞ்சம் பாருங்க" என்றாள். அவர் தயங்கித் தயங்கிக் கண்ணைத் திறந்தார். திரைச்சீலை போயிற்று, விரிப்பு போயிற்று, உடை சேறாயிற்று. கண்ணாடியில் பருச் சிவப்பும் போய்விட்டது. சேறு என்று அவள் ஏசிய இடத்தில் நெற்றிக்கு ஒரு நிறம், மூக்குக்கு ஒரு நிறம், கழுத்துக்கு இறங்க இறங்க வேறு நிறங்கள். எதற்கும் கடையின் நிற அட்டையில் எண் கிடையாது. டாக்டரின் ஐந்து போல, இடது கன்னத்தில் ஒரு மச்சம் எழுந்து நின்றது.

"இந்த மச்சம் எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள்.

"கல்யாணத்தன்னைக்கே இருந்துச்சே."

"சொல்லவே இல்லையே."

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவள் அழுதாள். அழுது சிவந்த மூக்கு அவருக்குத் தெரியாது என்பதால் தாராளமாகவே அழுதாள்.

மறுநாள் அவளே அவரைக் கைபிடித்துக் கடைக்குக் கூட்டிப் போனாள். முதலாளி கத்த வாயெடுத்தார். கடைக்குள் ஏற்கெனவே ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வரவேற்பறைக்குச் சிவப்பா பச்சையா என்று காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பூட்டுக்காரர் இரண்டு டப்பாவையும் பார்த்தார். அவர்கள் சண்டைக்கு ஒன்றும் மிச்சமில்லாததால் கைக்கு வந்ததை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். முதலாளி வாயை மூடி, நாற்காலி போடச் சொன்னார்.

இப்போது பூட்டு வேலையும் அந்தக் கடை மூலையிலேயே நடக்கிறது. அவள் புதிதாகக் கலந்த நிறங்கள் அவர் பார்க்கும்போது மட்டும்தான் தெரியும் என்றாலும் ஊரில் பாதி வீடு அதைப் பூசியிருக்கிறது. விருந்தாளி வந்தால் அவரைத் தெருவில் ஒரு நடை நடக்கச் சொல்கிறார்கள். சிவப்பும் பச்சையும் வேண்டியவர்கள் மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் வரவும் என்று கடையில் பலகை தொங்குகிறது. அந்த ஒரு மணி நேரம் அவர் பெண்டாட்டியோடு வீட்டில் சாப்பிடுகிறார், கண்ணைத் திறந்துகொண்டு.