தேர்ச்சி கூடிய ஆண்டு

அந்த மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கல்வி அதிகாரியாக அக்கா பொறுப்பேற்றபோது, அவற்றில் ஒன்றில் தங்கை ஏற்கெனவே கணக்கு டீச்சராக இருந்தாள். வீட்டில் சிறு வயதிலேயே ஒட்டிக்கொண்ட பெயர்கள்தான் அவர்களுக்கு: பெரியவள், சின்னவள். அலுவலகத்தில் மட்டும் சின்னவள் அக்காவை "மேடம்" என்பாள். அப்படிச் சொல்லும்போது அவள் உதட்டோரம் லேசாகத் துடிக்கும். பெரியவளும் சிரிப்பை அடக்கிக்கொள்வாள்.

பெரியவள் வந்த முதல் ஆண்டே நிதி ஒதுக்கீடு சுருங்கிவிட்டது. தலைமை ஆசிரியர்களோடு மூத்த ஆசிரியர்கள் சிலரையும் கூட்டி வைத்துக்கொண்டு, எந்தத் திட்டத்தை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பேசினாள். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, சின்னவளின் பள்ளிக்குப் புதிய கணினி அறை. மற்றொன்று, மலையடிக் குடியிருப்பிலிருந்து அதே பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் பேருந்து. மழை பெய்தால் உள்ளேயும் ஒழுகும் பழைய வண்டி அது.

"மேலிடத்துல இருந்து வர்றவங்களுக்குக் காட்ட ஏதாவது வேணும். ஓட்டை பஸ்ஸை யாரு போட்டோ எடுப்பா?" என்றாள் பெரியவள்.

தலைமை ஆசிரியர்கள் தலையாட்டினார்கள். சின்னவள் எழுந்து நின்றாள்.

"அப்ப அந்தப் பிள்ளைங்க எப்படி வருவாங்க, மேடம்? அந்தப் பக்கம் வேற பஸ் எதுவும் கிடையாது."

"சைக்கிள் இருக்கு. நடக்கக் காலும் இருக்கு."

"மேடு, மேடம், அது. நீங்க ஒரு தடவை ஏறிப் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்."

அந்த அறையில் இரண்டொருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பேச்சு கைமீறிப் போவதைப் பெரியவள் உணர்ந்தாள். அவளுக்கு எப்போதும் கைகொடுப்பது அவளுடைய நகைச்சுவைதான்.

"இவளைத் தப்பா நினைக்காதீங்க. சின்ன வயசுலயே இப்படித்தான். எங்க அம்மா சிவப்பு ரிப்பன் வேணுமா பச்சை ரிப்பன் வேணுமான்னு கேட்டா, ரெண்டும் வேணும்னு தரையில புரண்டு அழுவா."

அறையே சிரித்தது. நிமிர்ந்தவர்களும் சிரித்தார்கள். சின்னவளும் ஒரு கணம் சிரிக்கப் பார்த்தாள், முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். பேருந்து நின்றது. கணினி அறை வந்தது. திறப்பு விழாவுக்கு வந்த கல்வித்துறை இயக்குநர் ஒவ்வொரு திரையாகத் தொட்டுப் பார்த்தார். போட்டோவும் எடுத்தார்கள்.

அடுத்த ஆண்டுத் தேர்வு முடிவு வந்தபோது பெரியவளாலேயே நம்ப முடியவில்லை. சின்னவளின் பள்ளியில் தேர்ச்சி விகிதம் ஒரே தாவலாக மேலே போயிருந்தது. மாவட்டத்திலேயே அதுதான் முதலிடம். இயக்குநர் போனில் கூப்பிட்டுப் பாராட்டினார். "முன்னேற்றம்னா இதுதாம்மா. அடுத்த வருஷ ஒதுக்கீட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். சின்னவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போர்வையின் ஒரு முனையை அக்காவிடம் நீட்டினாள். இருவருமாகப் பிழிந்தார்கள்.

"பாத்தியா? அன்னைக்கு என்ன குதி குதிச்ச! கம்ப்யூட்டர் ரூம் வந்ததும் உன் ஸ்கூல் எங்க போய் நிக்குது பாரு."

சின்னவள் போர்வையைக் கயிற்றில் விரித்தாள். அவளுடைய முகம் அதன் மறுபக்கத்தில் இருந்தது.

"கம்ப்யூட்டரால ஏறலக்கா."

"பின்னே?"

"தவறிடுவாங்கன்னு நாங்க பயந்த பிள்ளைங்கள்ல பாதிப் பேரு மலையடியில இருந்து வர்றவங்க. பஸ் நின்னதும் படிப்பையே விட்டுட்டாங்க. அவங்க பரீட்சையே எழுதல. எழுதாதவங்க எப்படித் தவறுவாங்க?"

பெரியவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ மறைச்சதுமில்லாம, சோறு நல்லா வெந்திருக்குன்னு பரிசும் வாங்கிட்ட."

"எனக்கு எப்படி டீ தெரியும்? நீ ஏன் சொல்லல?"

"சொன்னேனே, மேடம்."

இந்த முறை அவள் உதடு துடிக்கவில்லை. பழப் பை படிக்கட்டிலேயே கிடந்தது.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் பெரியவள் அந்தப் பள்ளிக்குப் போனாள். விடுமுறையிலும் சிறப்பு வகுப்புகள் நடந்த அறைகளில் முன் வரிசைகள் நிறைந்திருந்தன. பின்னால் போட்டிருந்த பெஞ்சுகளைக் காணோம். தாழ்வாரக் கோடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். காவலாளி அவற்றின்மேல் தன் குடையைக் காயப் போட்டிருந்தார். தலைமை ஆசிரியர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இடம் தாராளமா இருக்கட்டுமேன்னு எடுத்துட்டோம், மேடம்," என்றார்.

அங்கிருந்து மலையடிக்குப் புறப்பட்டாள். தார்ச்சாலை முடிந்த இடத்தில் அலுவலகக் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்தாள். சரளைக்கல் செருப்பை இழுத்தது. பாதி மேட்டிலேயே மூச்சு வாங்கியது. புத்தகப்பையைச் சுமந்துகொண்டு தினமும் இதை ஏறி இறங்குவதை நினைத்துப் பார்த்தாள். நினைப்பே கனத்தது.

போய்ப் பார்க்கும்படி பள்ளியில் சின்னவள் சொன்ன மாணவியைக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குருவி என்று கூப்பிட்டார்கள். சின்ன உருவம், ஓரிடத்தில் நிற்காத கால். வகுப்பில் கெட்டிக்காரியும் இல்லை, மக்கும் இல்லை. தட்டுத் தடுமாறித் தேறிவிடக் கூடியவள் என்று சின்னவள் சொல்லியிருந்தாள். ஓட்டுத் தொழிற்சாலையின் கொட்டகையில், ஓடுகளுக்கு இடையே வைக்கோல் திணித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். விரல் நுனிகளில் செம்மண் ஏறியிருந்தது.

பெரியவள் தான் யார் என்று சொன்னாள். குருவி சட்டென்று எழுந்து நின்று கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"ஸ்கூலுக்கு ஏன் வர்றதில்ல?"

"முதல்ல நடந்து வந்தேன், மேடம். முதல் பீரியட் எப்பவும் போயிடும். தினமும் வெளிய நிக்க வெச்சாங்க. மழைக்காலம் வந்துச்சு. அப்புறம் அப்படியே விட்டுப்போச்சு."

"பஸ் திரும்ப விட்டா வருவியா?"

குருவி கொட்டகையின் மறுபக்கம் பார்த்தாள். அங்கே அவளுடைய அம்மா தலையில் ஓடு சுமந்து போய்க்கொண்டிருந்தாள்.

"பாக்கலாம், மேடம்," என்றாள். பெரியவர்கள் மனம் நோகக்கூடாதே என்று சொல்லும் "பாக்கலாம்" அது. பெரியவளே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த மாத ஆண்டறிக்கைக் கூட்டத்தில், இயக்குநருக்கு எதிரிலேயே அவள் உண்மையைச் சொன்னாள். அந்தப் பள்ளியில் தேர்ச்சி கூடியது கற்பித்ததால் அல்ல, பிள்ளைகள் குறைந்ததால்; அதற்குக் காரணம் தான் நிறுத்திய பேருந்து. கைத்தட்டலுக்குத் தயாராக இருந்த கைகள் மடிக்கு இறங்கின.

"நல்ல சேதி சொல்ற இடத்துல இதை ஏம்மா கிளறுறீங்க?" என்றார் இயக்குநர், தாழ்ந்த குரலில்.

அச்சாகியிருந்த அறிக்கை அச்சாகியபடியே போனது. ஆனால் புதிய ஒதுக்கீட்டில் பேருந்தைத் திரும்பக் கொண்டுவர அவர் தடை சொல்லவில்லை. இம்முறை ஒழுகாத வண்டி.

கூட்டம் கலைந்த பிறகு பெரியவள் தங்கையைத் தேடிப் போனாள். சின்னவள் கூட்ட அறை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அந்த ரிப்பன் கதையைச் சொல்லியிருக்கக் கூடாது."

"எனக்குக் கோவம் கதைமேல இல்லக்கா. அன்னைக்கு நிமிர்ந்து உக்காந்தாங்களே, அவங்க எனக்கு ஆதரவா பேசுறோம்னு சொல்லியிருந்தாங்க. நீ சிரிக்க வெச்சதும் அவங்களுக்கு வெக்கமாப் போச்சு. அதோட முடிஞ்சுது."

"மன்னிச்சிடு."

"என்கிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது?" என்றாள் சின்னவள். குரலில் கடுமை இல்லை; களைப்புதான் இருந்தது. ஆனாலும் அக்காவுக்காக வாசலில் நின்றாள். இருவரும் ஒன்றாகவே நடந்தார்கள்.

பள்ளி திறந்ததும் பேருந்து ஓடியது. முதன்முறையாக உயர்நிலைப் பள்ளிக்கு வரும் சின்னஞ்சிறுசுகள் ஜன்னலுக்குச் சண்டை போட்டுக்கொண்டு ஏறின. நடுவில் படிப்பை விட்டவர்களில் இரண்டொருவர் தவிர யாரும் ஏறவில்லை. குருவியைத் தேடிப் பெரியவள் இன்னும் இருமுறை போனாள். இரண்டாவது முறை குருவியே அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"நீங்க இவ்வளவு தூரம் நடந்து வராதீங்க, மேடம். நான் நல்லாத்தான் இருக்கேன். இங்க என்னைக் கட்டுப் பிரிவுக்கு மூத்தவளா போட்டிருக்காங்க."

உண்மையாகவே பெருமையோடுதான் சொன்னாள். பெரியவள், "ரொம்ப சந்தோஷம்மா," என்றாள். தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.