இடுக்கில் இருப்பவர்

அந்த ஊரில் கோபித்துக்கொண்டவர்கள் ஜிப்சம் போர்டுச் சுவரின் இடுக்கில் போய் இருந்துகொள்வார்கள். ஒரு போர்டும் அடுத்த போர்டும் சேரும் ஜாயிண்டில் ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவுக்குச் சந்து இருக்கும். கோபம் உண்மையாக இருந்தால் அந்தச் சந்து போதும். தோள் நுழையவில்லை என்று திரும்பி வந்தவர்களும் உண்டு. அவர்களுக்குக் கோபம் அவ்வளவாக இல்லை என்று ஊரில் எடுத்துக்கொண்டார்கள்.

அதனால் ஜாயிண்ட் அடைக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. டேப் ஒட்டும் முன் பட்டி பூசும் தகட்டின் பிடியால் போர்டைத் தட்டி, "ஆளிருக்கா?" என்று கேட்க வேண்டும். "இருக்கேன்" என்று பதில் வந்தால் அந்த ஜாயிண்டை அப்படியே விட்டுவிட வேண்டும். திறப்பு விழா நெருங்கிவிட்டால் அதன் முன்னால் ஒரு செடித்தொட்டியை வைத்து மறைப்பார்கள். பதில் இல்லையென்றால் பட்டி பூசி, பேப்பர் டேப்பைப் பதித்து வழித்துவிடலாம். அது காய்ந்ததும் அகலமாக இன்னொரு கை பட்டி, கடைசியில் உப்புத்தாள். டேப் ஒட்டிய நிலையில்கூட உள்ளே இருப்பவர் மனம் மாறி வெளியே வரலாம். உப்புத்தாள் போட்டு இழைத்துவிட்டால் எது ஜாயிண்ட், எது போர்டு என்று வெளியே நிற்பவருக்கும் தெரியாது, உள்ளே இருப்பவருக்கும் தெரியாது. பிறகு அவர் சுவர்தான்.

பூவாத்தாள் இந்த வேலையில் பெயர் எடுத்தவள். ஆனால் மனசு ஓரிடத்தில் நிற்காது. பட்டி கரைத்தால் தண்ணீர் கூடிப்போச்சோ என்று இருக்கும். டேப் ஒட்டினால் குமிழ் விடுமோ என்று இருக்கும். வீட்டில் சோறு வடிக்கும்போது, காலையில் தட்டிக் கேட்டோமே, உள்ளே இருந்தவர் அசந்து தூங்கியிருந்தால் என்ன ஆவது என்று கரண்டியோடு நின்றுவிடுவாள்.

அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, அவள் தம்பி வீட்டுக் காதுகுத்தில் முதல் பந்திக்குத் தன்னைக் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டார். கூப்பிட்டிருக்க வேண்டியவள் பூவாத்தாள்தான். அந்த நேரம் அவள் பின்கட்டில் வடைச்சட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கடைசிப் பந்தியில் அவள் உட்கார்ந்தபோது ரசம் தீர்ந்திருந்தது. மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள். அதை யாரும் பேசவில்லை. நாச்சிமுத்து இரண்டாம் பந்தியில் உட்கார நேர்ந்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள்.

சில நாள் பேசாமல் இருந்து பார்த்த நாச்சிமுத்து, ஒரு நாள் காலையில் அவள் பின்னாலேயே வேலை நடக்கும் இடத்துக்கு வந்தார். அது மாடியில் ஒரு பல் டாக்டரின் கிளினிக். மறுநாள் திறப்பு விழா. தூரமாகப் போய்க் கோபித்துக்கொள்வதில் பிரயோசனம் இல்லை என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவள் பட்டி கரைத்துக்கொண்டு வருவதற்குள், அவர் செருப்பு மட்டும் நீளச் சுவரின் அடியில் ஜோடியாக இருந்தது. அந்தச் சுவரில் ஜாயிண்டுகள் வரிசையாக இருந்தன. எதில் போனார் என்று தெரியவில்லை.

அவள் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டாள். பதில் இல்லை. யார்மேல் கோபமோ அவருக்குப் பதில் சொல்லக் கூடாது. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. வேறு யாராவது கேட்க வேண்டும். காண்டிராக்டர் கந்தவேலை அழைத்துவர அவள் கீழே போனாள்.

கந்தவேல் அந்த நேரம் வேறு படி வழியாக மேலே வந்துவிட்டான். கையில் வாடகைக்கு எடுத்த மெஷின் இருந்தது. ஆள் உயரக் குழாய், அதன் வயிறு நிறையப் பட்டி, தலையில் சக்கரம், பக்கத்தில் டேப் சுருள். ஜாயிண்டின்மேல் உருட்டிக்கொண்டு போனால் பட்டியும் டேப்பும் சேர்ந்தே ஒட்டும். பூவாத்தாள் கையால் ஒரு ஜாயிண்ட் முடிப்பதற்குள் அது ஒரு சுவரை முடித்துவிடும். மெஷின் தட்டிக் கேட்காது. அதனால் கந்தவேல் சுவருக்கு நடுவில் நின்று, மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு முறை கேட்டுவிட்டு உருட்டத் தொடங்கினான்.

பூவாத்தாள் திரும்பி வந்தபோது சுவர் முழுக்க டேப் ஓடியிருந்தது.

"கேட்டயா தம்பி?"

"கேட்டனுங்கக்கா. யாராச்சும் இருக்கீங்களான்னு சத்தமாத்தான் கேட்டேன். மூச்சில்லீங்க."

அவள் செருப்பைக் காட்டினாள். கந்தவேல் குனிந்து பார்த்துவிட்டு, நல்ல செருப்பு, அடி மாற்றினால் இன்னும் உழைக்கும் என்றான். சாயங்காலம் டாக்டரம்மா சுவரைப் பார்க்க வருவதாகவும், சாப்பிட்டதும் இரண்டாம் கை உருட்டியாக வேண்டும் என்றும் சொன்னான். சீக்கிரம் காய்கிற பட்டி.

பூவாத்தாள் விளக்கை எடுத்துச் சுவரோடு ஒட்டிப் பிடித்தாள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் மேடு பள்ளம் எல்லாம் தெரியும். மெஷின் வேலை அப்பழுக்கில்லாமல் இருந்தது. அது அவளுக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. ஜன்னலுக்குப் பக்கத்து ஜாயிண்டில், மூக்கு உயரத்தில் மட்டும், டேப்பில் ஒரு சின்னக் குமிழ். அது மெல்ல எழும்பி, மெல்ல அமுங்கியது. குமிழைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. உடனே, இவ்வளவு மெதுவாக அமுங்குகிறதே என்று கவலை வந்தது.

பிளேடால் குமிழைக் குறுக்கே கீறினாள். அவர் போடும் வெற்றிலையின் வாசனை வந்தது. முழுக்கக் கிழித்துக் கையைப் பிடித்து இழுக்க முடியாது. அப்படி இழுத்தால் கை மட்டும்தான் வரும். கந்தவேலைக் கேட்கச் சொன்னாள். அவன் கீறலுக்கு வாயை வைத்து, முதலிலேயே ஏன் பதில் சொல்லவில்லை என்று மரியாதையாகக் கேட்டான்.

"யாராச்சும் இருக்கீங்களான்னுதான கேட்ட? நானென்ன யாராச்சுமா?" என்றது உள்ளேயிருந்து.

கந்தவேலுக்கு அது நியாயமாகப் பட்டது. மன்னிப்புக் கேட்டான். வெளியே வரச் சொல்லிப் பூவாத்தாள் கேட்பதையும் சொன்னான். அன்னைக்குக் கூப்பிடாதவள் இன்னைக்கு எதுக்குக் கூப்பிடுகிறாள் என்று பதில் வந்தது. கீறலின் ஓரத்தில் பட்டி வெளுக்கத் தொடங்கியிருந்தது.

பூவாத்தாள் கீழே மெஸ்ஸுக்குப் போய் ஒரு வாழை இலை வாங்கிவந்தாள். சுவரைப் பார்த்தாற்போல் தரையில் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். தன் தூக்குப்போசியைத் திறந்து, மத்தியானத்துக்கு வைத்திருந்த சோறு, அவரைக்காய்ப் பொரியல், ரசம் எல்லாவற்றையும் பரிமாறினாள். உட்காரப் போன கந்தவேலைத் தள்ளி நிற்கச் சொன்னாள். அவன் உட்கார்ந்தால் அது முதல் பந்தி ஆகாது. பிறகு விசேஷ வீட்டில் நிற்பதுபோல நின்று கைகூப்பினாள்.

"முதப் பந்தி போட்டாச்சுங்க. நீங்க வந்து உக்காந்தாத்தான் மத்தவங்களுக்கு எலை போட முடியுமுங்க."

குமிழ் எழும்பி அப்படியே நின்றது. அவளும் கையை இறக்கவில்லை. பிறகு டேப் மேலிருந்து கீழாகப் பிரிந்தது. முதலில் ஒரு கால் வந்து செருப்பைத் தேடியது. அடுத்து நாச்சிமுத்து வந்தார். காலண்டர் தாள் கனத்துக்குத்தான் இருந்தார். இலைக்கு முன்னால் உட்கார்ந்து, சோற்றைப் பிசையப் பிசைய, ஒவ்வொரு கவளத்துக்கும் கொஞ்சம் கனம் கூடினார். ரசத்தை இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டார். பழைய பருமனுக்கு வந்தபோது ரசம் தீர்ந்திருந்தது. பொரியலில் உப்பு ஒரு கல் குறைச்சல் என்று சொல்லிவிட்டு, இலையைத் தன் பக்கமாக மடித்தார்.

கந்தவேல் மெஷினில் மற்ற ஜாயிண்டுகளுக்கு இரண்டாம் கை உருட்டினான். ஜன்னலோரத்து ஜாயிண்டை மட்டும் பூவாத்தாள் கையால் முடிக்க வேண்டியிருந்தது. கிழிந்த டேப்பைச் சுரண்டி எடுத்தாள். தட்டில் புதுப் பட்டியைக் குழைத்து, புது டேப்பை அளந்து கிழித்தாள். ஆள் வெளியே வந்து கை கழுவிக்கொண்டிருந்தாலும் வழக்கம் வழக்கம்தான். தகட்டின் பிடியால் தட்டினாள்.

"ஆளிருக்கா?"

"இருக்கேன்."

உள்ளேயிருந்து வந்தது பூவாத்தாளின் குரலேதான். வடைச்சட்டி முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தாற்போலக் கொஞ்சம் கரகரத்திருந்தது.

"யாரு புள்ள அது?" என்றார் நாச்சிமுத்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே.

"ஆளிருக்குதுங்க" என்றாள் வெளியே நின்றவள்.

கந்தவேல் செடித்தொட்டி வாங்கக் கீழே போனான். பூவாத்தாள் டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகி, தகட்டை வழித்துத் துடைத்தாள். சுவரடியில் அவள் செருப்பு ஜோடியாக இருந்தது. உள்ளே இருப்பவள் சாப்பிட்டாளோ என்னவோ என்று ஒரு கவலை வந்தது. அந்தக் கவலையோடு, பட்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலில் அடுத்த அறைக்குப் போனாள்.