கோனி போடாத கையெழுத்து

மரீத்தாவுக்கு அறுபத்திரண்டு வயதில் ரத்தம் கொதித்தது. பதினோரு கச்சேரி, ஒரே ஓர் இசைத்தட்டு, அதோடு உடைந்துபோன 'ஊசிப்போன மத்தி' பங்க் இசைக்குழுவுக்கு ஊர் நூலகம் பித்தளைப் பலகை வைக்கிறதாம். அதில் மூன்று ஆண்களின் பெயர்கள். முதல் நாளிலிருந்து டிரம்ஸ் அடித்த அவள் பெயரைக் காணோம்!

"நாங்க இசைத்தட்டு போட்டப்பதான் இவ வந்தா. அதுக்கு முன்னாடி காப்பி ஊத்திக் குடுத்தா, அவ்வளவுதான்," என்றான் பாடகன் கோனி நூலகரிடம், வாய் கூசாமல். தலை வழுக்கையான பிறகும் தோல் சட்டையைக் கழற்றாத ஆள்.

நூலகர் உல்ரிகா 1979ஆம் ஆண்டின் பதிவேட்டைக் கொண்டுவந்தாள். அரசை ஒழிக்கச் சொல்லிப் பாடிப் பழகவும் அரசு மானியத்தில்தான் அறை கிடைத்தது. குழுவை 'படிப்பு வட்டம்' என்று பதிந்துகொண்டு வாராவாரம் எல்லாரும் கையெழுத்துப் போடவேண்டும். ஆள் குறைந்தால் அறை போய்விடும்.

பதிவேட்டில் இருந்த முப்பத்தாறு வாரமும் நான்கு பெயர்கள் இருந்தன.

"பாத்தியா, ஒரு வாரம்கூட நான் தவறல!" கோனி நெஞ்சை நிமிர்த்தினான். "இவ பேரை அப்புறமா யாரோ சேத்திருக்காங்க."

மரீத்தா பேனாவை எடுத்து, ஒரு துண்டுத்தாளில் கோனியின் கையெழுத்தைச் சுழித்துப் போட்டாள். பதிவேட்டில் இருந்ததும் அச்சு அசல் அதேதான்.

"நீ எங்கடா வந்தே? பாதி நாள் சளி, மீதி நாள் அம்மா விடல. மத்த ரெண்டு பேரும் ஹாக்கி பாக்கப் போயிடுவானுங்க. மூணு பேருக்கும் நானே போட்டுட்டு, தனியா உக்காந்து அடிச்சிட்டுப் போவேன்."

அமைச்சர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டிய இவர்களின் பாட்டைச் சிரித்துக்கொண்டே காட்சிக்கு வைத்த உல்ரிகா, இப்போது வெளிறிப்போனாள். "பொய்க் கையெழுத்தா? வருகைப் பதிவேட்டுலயா?"

"அய்யோ, மெதுவா பேசுங்க! கேஸ் கீஸ் ஆயிடப் போகுது," என்று கோனி கதவைப் பார்த்தான்.

"சட்டத்தை உடைப்போம்னு தொண்டை கிழியக் கத்தினியேடா!"

"அது பாட்டுடி!"

மரீத்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "முப்பத்தாறு வாரம் தனியா அடிச்சேன், கோனி. காப்பி ஊத்தினேன்னு சொல்றியே."

கோனி தோல் சட்டையின் ஜிப்பை மேலே ஏற்றி இறக்கினான்.

உல்ரிகா பதிவேட்டை இன்னொரு முறை புரட்டினாள். "அப்படிப் பாத்தா, அந்த வருஷம் குழுன்னு இருந்தது நீங்க ஒருத்தர்தான்," என்று சொல்லி, பலகைக்கான தாளில் மூன்று பெயர்களையும் அடித்துவிட்டு, மரீத்தாவின் பெயரை எழுதினாள்.

"அப்ப என் பேரு?" கோனியின் குரல் கீச்சென்று வந்தது.

மரீத்தா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அழாதே. அதையும் நானே போட்டுடறேன்."