குப்பாயிக்கு வயது சொன்ன பலா

1984ஆம் ஆண்டு ஆனி மாதம் இருபத்தைந்தாம் தேதி, மாரமங்கலத்துக் குப்பாயியின் பலாமரம் அவளுக்கு வயதுச் சான்று சொல்வதற்காகச் சேலத்துக்குப் புறப்பட்டது. நடந்தேதான் போனது, இரண்டு நாள் பிடித்தது. மரத்தில் பதினேழு பழங்கள் இருந்தன, வழியில் ஒன்றுகூட உதிரவில்லை. மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அது இடது ஓரமாகவே இறங்கியது என்றும், லாரி வந்தபோதெல்லாம் ஒதுங்கி வழிவிட்டது என்றும் அந்தத் தடத்தில் அன்று பஸ் ஓட்டியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

குப்பாயி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆறாம் வகுப்புக்கு ஏற்காட்டுக்குப் போக வேண்டும், அந்தக் காலத்தில் அது மூன்று மணி நேர நடை, அதனால் அப்பன் நிறுத்திவிட்டார். பதினாறில் அங்கப்பனைக் கட்டிக்கொண்டு இரண்டு ஏக்கரில் காப்பியும் மிளகும் போட்டாள், இரண்டு பெண்களைப் பெற்று இருவரையும் கரடியூரில் கொடுத்தாள். இதற்கு நடுவே அச்சடித்த எதைக் கண்டாலும் விடமாட்டாள். உரமூட்டையில் இருப்பதையும் தேர்தல் நோட்டீசின் இரண்டு பக்கத்தையும் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாளையும் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். கிளியூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த பெரியசாமி, பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்காதவர்களையும் தபால் வழியே பட்டப் படிப்பில் சேர்க்கிற ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டுத் தனக்கு ஒரு விண்ணப்பம் கேட்டிருந்தார். உறையில் இரண்டு விண்ணப்பங்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. மிளகு விற்க வந்த குப்பாயியிடம் இரண்டாவதைக் கொடுத்தார். இருபத்தொரு வயது நிறைந்திருக்க வேண்டும், ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று அதில் போட்டிருந்தது.

"படிச்சு என்ன பண்ணப் போற?" என்று அங்கப்பன் கேட்டான்.

"படிச்சத யோசிச்சுக்கிட்டே களையெடுப்பனுங்க" என்றாள்.

அவன் அடுத்த சந்தைக்குப் போனபோது ஒரு பேனா வாங்கி வந்தான்.

தை மாதம் சேலத்தில் தேர்வு எழுதினாள், நூற்றுக்கு அறுபத்தொன்று வந்தது. சித்திரை நாலாம் தேதி கடிதம் வந்தது. குப்பாயியைச் சரித்திரப் பட்டப் படிப்பில் தற்காலிகமாகச் சேர்த்திருப்பதாகவும், தொண்ணூறு நாளுக்குள் வயதுச் சான்று கொடுக்காவிட்டால் சேர்க்கை ரத்தாகும் என்றும் அதில் இருந்தது. கூடவே ஏழு பாடப் புத்தகங்கள் பழுப்புத் தாளில் கட்டி வந்தன. புத்தகம் வந்துவிட்டதே, அதையும் தற்காலிகமாகவா படிக்க முடியும் என்று அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். முதல் புத்தகத்தை எட்டு நாளில் முடித்தாள். அதற்குள் சான்று எதுவும் கிடைக்காது என்பதும் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டை இருபது வருடத்துக்கு முன்பே கரையான் தின்று அட்டையை மட்டும் விட்டிருந்தது. அவள் பிறந்த காலத்தில் மலையில் பிறப்பை யாரும் எழுதி வைத்ததில்லை. ஒரு டாக்டர் பல்லையும் மணிக்கட்டையும் பார்த்துவிட்டு 'சுமார் நாற்பது' என்று எழுதிக் கொடுத்தார். சேலத்தில் இருந்த படிப்பு மையத்தில் அதை வாங்கிப் பார்த்த எழுத்தர் வெள்ளையம்மாள், சுமாரை ஏற்பதற்கு விதியில்லை என்று திருப்பிக் கொடுத்தாள். மூத்த மகளின் பள்ளிச் சான்றில் இருபத்து நாலு வயது இருக்கிறதே, பெற்றவள் அதற்கு மேல்தானே இருப்பாள் என்று அங்கப்பன் கேட்டான். மகளின் சான்று மகளுக்குத்தான் செல்லும் என்றாள் வெள்ளையம்மாள். கல்நெஞ்சக்காரி என்று அவளைச் சொல்ல முடியாது. இருபத்தெட்டு வருட வேலையில் ஒரு தாளைக்கூட அவள் தொலைத்ததில்லை.

"நீங்க இருபத்தொண்ணு தாண்டுனது எங்கண்ணுக்கே தெரியுதுங்கம்மா. ஆனா எங்கண்ண ஃபைல்ல வெக்க முடியாதே" என்றாள்.

அங்கப்பன் விடவில்லை. குப்பாயி பிறந்த அன்று அவள் அப்பன் கொல்லையின் வடக்கு மூலையில் ஒரு பலாக்கன்று நட்டார் என்பது ஊரறிந்த விஷயம். பழைய கிராமக் கணக்கைக் காட்டச் சொல்லி இரண்டு மாதம் அலைந்தான். நிலம் அளக்க வந்த யாரோ ஒரு மனிதர் மிகவும் பொறுப்பானவராக இருந்திருக்க வேண்டும். 1941 ஆவணி பதினாலாம் தேதியிட்டு, 'வடக்கு மூலையில் பலாக்கன்று ஒன்று, நட்டு நாலு நாள்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அப்படியாக மரத்துக்கு அரசாங்கத் தாள் இருந்தது, மனுஷிக்கு இல்லை. அதன் நகலோடு இருவரும் சேலம் போனபோது எண்பத்திரண்டு நாள் கழிந்திருந்தது. வெள்ளையம்மாள் நகலை இரண்டு முறை படித்தாள். அவள் முகத்திலும் ஆசைதான் தெரிந்தது. "இது கன்னுக்கு வயசுங்க. அந்தக் கன்னுக்கும் இந்தம்மாவுக்கும் ஒரே வயசுன்னு யாருங்க சொல்றது?" என்று கேட்டுவிட்டு, திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் சிறிது நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் குப்பாயி ஏழு புத்தகங்களையும் வந்த மாதிரியே பழுப்புத் தாளில் கட்டினாள். தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட நினைத்தாள், தபாலில் போட்டால் முனை மடங்கும். அங்கப்பன் பலாமரத்தடியில் உட்கார்ந்து, "நொம்ப அலைஞ்சாச்சு. இனி இந்த மரந்தான் வந்து சொல்லோணும்" என்றான். சலிப்பில் சொன்னதுதான். மறுநாள் காலை புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது முதுகுக்குப் பின்னால் மண் வெடிக்கும் சத்தம் கேட்டது. காட்டெருமை என்று நினைத்தாள்.

"குப்பாயி, சித்த நில்லு. மரம் வருது" என்றான் அங்கப்பன்.

சேற்றிலிருந்து எருமை காலெடுப்பது போல மரம் ஒவ்வொரு வேராக எடுத்தது. மேலே படர்ந்திருந்த மிளகுக்கொடி அசையாமல் பிடித்துக்கொண்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் வேண்டும் என்பதால் அங்கப்பன் வீட்டில் இருந்துகொண்டான். மரத்துக்கு நாலு குடம் தண்ணீர் ஊற்றினான், மனைவிக்குக் களி உருண்டை கட்டிக் கொடுத்தான். பஸ்காரர், அம்மா ஏறலாம், மரத்துக்கு இடமில்லை என்றார். தனக்காக ஒருவர் நடந்து வரும்போது தான் உட்கார்ந்து போவது முறையில்லை என்று குப்பாயியும் நடந்தாள். முதல் நாள் ஏற்காட்டில் அவள் சித்தி மகள் வீட்டில் தங்கினாள், மரம் ஏரிக்கரையில் நின்றது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் ஈரோட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பம் அதன் நிழலில் விரிப்புப் போட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் கை கழுவும்வரை இருவரும் பொறுத்திருந்து கிளம்பினார்கள்.

அடிவாரச் சோதனைச் சாவடியில் வனக்காவலர் கிறிஸ்துதாஸ் தடுப்புக் கட்டையை இறக்கி மறித்தார். மரம் கொண்டுபோகப் பர்மிட் வேண்டும் என்றார்.

"நான் கொண்டு போகலீங்க. அதுவா வருதுங்க."

கிறிஸ்துதாஸ் விதிப் புத்தகத்தை எடுத்து வந்து நின்றபடியே படித்தார். வெட்டிய மரம், பிடுங்கிய மரம், வண்டியில் ஏற்றிய மரம் ஆகியவற்றுக்குத்தான் பர்மிட். இது மூன்றிலும் சேரவில்லை. பதிவேட்டில் 'பாதசாரிகள் இருவர்' என்று எழுதிக்கொண்டு கட்டையைத் தூக்கிவிட்டார்.

படிப்பு மையத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றேகால். கெடு முடிய ஐந்து நாள் மிச்சம் இருந்தது. வாசற்படி சின்னது என்பதால் மரம் முற்றத்தில் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நின்றது. வெள்ளையம்மாள் ஃபைலோடு வெளியே வந்தாள். மரத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை, ஆச்சரியத்துக்கும் ஃபைலில் இடம் கிடையாது. விண்ணப்பத்தில் அங்க அடையாளங்கள் என்ற இடத்தைப் புரட்டி உரக்கப் படித்தாள். "ஒண்ணு, இடது முழங்கையில் தழும்பு." ஒன்பது வயதில் பாறையிலிருந்து விழுந்த தழும்பு அது. மரத்தின் இடதுபக்கக் கிளையில், முழங்கை மாதிரி மடங்கும் இடத்தில், பழைய முறிவு ஒன்று ஆறிக் கெட்டியாகி இருந்தது. "ரெண்டு, வலது காதுக்குக் கீழே மச்சம்." மரம் லேசாகத் திரும்பிக் காட்டியது. கிளை பிரியும் இடத்துக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் கருப்பாக ஒரு கணு. வெள்ளையம்மாள் குப்பாயியின் கழுத்தைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், மறுபடி குப்பாயியைப் பார்த்தாள். பிறகு பலாக்கன்றின் நகலை ஃபைலில் கோத்து, 'நேரில் வந்து அடையாளம் காட்டப்பட்டது' என்று எழுதினாள். 'தற்காலிகமாக' என்ற சொல்லைச் சிவப்பு மையில் அடித்து ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டாள்.

"ஒங்களுக்கு நாப்பத்திரண்டு முடிஞ்சுதுங்கம்மா. ஆவணி பத்து வந்தா நாப்பத்து மூணு" என்றாள்.

தன் பிறந்த தேதியைக் குப்பாயி முதல்முறையாகக் கேட்டது அன்றுதான். படியில் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்த கட்டைப் பிரித்து இரண்டாம் புத்தகத்தில் விட்ட பக்கத்தைத் தேடினாள். வெள்ளையம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவளுக்குப் பாதி கொடுத்து மீதியை வேரில் ஊற்றினாள். அன்று மாலை அலுவலகம் முழுவதும் பலாச்சுளை தின்றது. மூன்று பழங்கள் போதுமானதாக இருந்தன.

திரும்பும்போது மரம்தான் அவளைப் பஸ்ஸில் போகச் சொன்னது என்கிறார்கள். அது எப்படிச் சொல்லும் என்று யாரும் கேட்டதில்லை. நாலு நாள் கழித்து அது தனியாக ஊர் வந்து சேர்ந்தது. பழைய குழியில் மழைத்தண்ணீர் நின்றதால் நாலடி கிழக்கே தள்ளி நின்றுகொண்டது, கிராம நிர்வாக அலுவலர் வந்து கணக்கைத் திருத்திக்கொண்டு போனார். அடுத்த வருடம் கரடியூர் மாதேஸ்வரனுக்கு ஒரு பாறை சாட்சிக்கு வந்ததில் முற்றத்துத் தளம் விரிசல் விட்டது. அதன்பின் சாட்சிகள் பகல் பத்து முதல் மாலை ஐந்துக்குள் வர வேண்டும், கனமானவை பின்வாசல் வழியாக வர வேண்டும் என்று மையத்தில் ஒரு பலகை தொங்கவிட்டார்கள். குப்பாயி ஒரு பாடத்தில் மட்டும் இரண்டு முறை தவறி, 1988இல் பட்டம் வாங்கினாள். இப்போதும் களையெடுத்துக்கொண்டே யோசிக்கிறாள். சில நாள் அங்கப்பனிடமும் சொல்வாள், அவன் மண்வெட்டியை ஊன்றி நின்று கேட்டுக்கொள்வான்.

மாரமங்கலத்தில் இந்நாட்களில் குழந்தை பிறந்தால் அந்த வாரத்துக்குள் போய்ப் பதிந்துவிட்டு வருகிறார்கள். சட்டம் அப்படி என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். ஊரில் கேட்டால், மரங்களை வீணாக அலையவிட வேண்டாமே என்பார்கள்.