இரண்டு கிளாவர்

எதிர் வீட்டு லிஃப்ட்காரர் வாயைத் திறப்பது கொட்டாவி விட மட்டும்தான் என்று எங்கள் கட்டடத்தில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது நான்தான். ஆனால் பொய் இல்லை. லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். எந்த லிஃப்டில் ஏறினாலும் உள்ளங்கையைச் சுவரில் வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல நிற்பார். 'நல்லா இருக்கீங்களா' என்றால் தலையாட்டுவார். அதையே பதில் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஊரார் எலும்பையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவளுக்கு, கட்டின புருஷன் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு மெஷின் கிடைக்கவில்லை பாவம்.

இப்படிப்பட்ட மனிதர் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் கற்கப் போகிறார் என்றால் எனக்குத் தூக்கம் வருமா?

இரண்டாவது மாடியில் கப்பல்காரர் இருக்கிறார். கடலில் வயர்லெஸ் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தளத்து ஹாலில் பிரிட்ஜ் கிளப் ஆரம்பித்துவிட்டு, கதவு கதவாகத் தட்டி ஆள் பிடித்தார். லிஃப்ட்காரர் உடனே சரி என்றாராம். நான் நம்பாமல் அவரையே கேட்டேன்.

"பேச வேண்டாத ஆட்டம்னு சொன்னாரு. அதான்."

நானும் சேர்ந்தேன். காரணம் சீட்டு இல்லை. அதற்கு முந்தின வாரம் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எதிரெதிர் வாசல் என்றாலும் எங்கள் இரண்டு வீட்டுப் பால்கனியும் அடுத்தடுத்துதான். எக்ஸ்ரேக்காரி அங்கே தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் பேசி முடிப்பதற்குள் உலர்ந்த துணியையே நான் இரண்டாம் தடவை உலர்த்தியிருந்தேன். விஷயம் இதுதான்: வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே பிரிவு முழுவதற்கும் அவளைத் தலைமையாகப் போடுகிறார்கள். வருவாளா மாட்டாளா என்று பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள். அவர் சொன்ன பதில்: "ம்."

"போறியான்னு ஒரு வார்த்தை கேக்கலடி," என்றாள் போனில். "அவரா கேக்காம நானா எதுவும் சொல்ல மாட்டேன். தனியாவே போறேன்னு எழுதிக் குடுத்துருவேன்."

அவர்கள் பிள்ளை குட்டி இல்லாதவர்கள். இவள் தனியாகப் போனால் அந்த வீட்டில் மிச்சம் ஒரு 'ம்'தான். நான் எப்படிச் சும்மா இருப்பது?

ஆக, மேஜைக்கு நாலு பேர். எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. லிஃப்ட்காரரும் மனைவியும் ஒரு ஜோடி, எனக்கு ஜோடி கப்பல்காரர். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். உன்னோடு எதிரெதிரே உட்காருவதை வீட்டிலேயே செய்துகொண்டுதானே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

பிரிட்ஜில் ஆட்டத்துக்கு முன்னால் ஏலம். எந்த இனம் துருப்பு, மொத்தம் பதிமூன்று பிடியில் ஆறுக்கு மேல் எத்தனை பிடி பிடிப்போம் என்று ஜோடிகள் ஒருவரையொருவர் மிஞ்சிச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஏலத்துக்குள்ளேயே, 'என் கையில் இது இருக்கிறது, உன் கையில் என்ன' என்று ஜோடிக்குச் சேதி போகும். அதற்கென்று உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கப்பல்காரர் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

"ஆஸுக்கு நாலு பாயிண்ட், ராஜாவுக்கு மூணு, ராணிக்கு ரெண்டு, ஜாக்கிக்கு ஒண்ணு."

"ராணிக்கு ஏன் ஒண்ணு கம்மி?" என்றேன்.

"அம்மா, உங்க முறை வரட்டும்."

இந்த ஆட்டத்தில் மொத்தமே முப்பத்தெட்டு வார்த்தைதானாம். ஒன்றிலிருந்து ஏழு வரைக்கும் கிளாவர், டைமன், ஆட்டின், இஸ்பேட், நோ டிரம்ப், அதாவது துருப்பே வேண்டாம். அப்புறம் பாஸ், டபுள், ரீடபுள். வேறு ஒரு சொல் கூடாது. குரலை ஏற்றக் கூடாது, இறக்கக் கூடாது. என்னைக் கட்டிப்போட என்றே யாரோ உட்கார்ந்து யோசித்ததுபோல இருந்தது. முதல் நாளே கப்பல்காரர், "அம்மா, அந்தப் புருவத்தைக் கீழ வைங்க" என்றார். அடுத்த நாள் லேசாக இருமினேன், அதற்கும் முறைத்தார்.

ஆனால் ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஜோடிக்குள் ரகசியமே இருக்கக் கூடாது. ஒருத்தி ஏலம் சொன்னால், அதற்கு என்ன அர்த்தம் என்று எதிராளி கேட்கலாம். அதுவும் சொன்னவளைக் கேட்கக் கூடாது, அவள் ஜோடியைக் கேட்க வேண்டும். அவர் தெரிந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். அவர் தப்பாகச் சொன்னாலும் இவள் அப்போதைக்கு வாயைத் திறக்கக் கூடாது! ஊரில் கல்யாணத்துக்கு முன்னால் இந்த விதியைச் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

எக்ஸ்ரேக்காரி, "ஒரு நோ டிரம்ப்" என்றாள். என் முறை வந்ததும் லிஃப்ட்காரரைப் பார்த்தேன்.

"தம்பி, உங்க வீட்டம்மா சொன்னதுக்கு என்ன அர்த்தம்?"

அவர் தொண்டையைச் செருமினார். "பதினஞ்சுல இருந்து பதினேழு பாயிண்ட் வெச்சிருக்கா. எந்த இனத்துலயும் ரொம்ப அதிகம் இல்ல, ரொம்பக் கம்மியும் இல்ல. எல்லாம் சமமா இருக்கு."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. எக்ஸ்ரேக்காரியும் கேட்டதில்லை போல. சீட்டை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வம்பு அதற்கப்புறம்தான். ஜோடி ஒரு நோ டிரம்ப் சொன்னால், எதிரே இருப்பவர் 'இரண்டு கிளாவர்' என்று சொல்லலாம். அது கிளாவர் வேண்டும் என்று அர்த்தமில்லை. அது ஒரு கேள்வி: 'உன்னிடம் ஆட்டினிலோ இஸ்பேடிலோ நாலு சீட்டு இருக்கிறதா?' இருந்தால், இருக்கும் இனத்தை அவள் சொல்வாள். இல்லையென்றால் 'இரண்டு டைமன்' என்பாள். இருவர் கையிலும் நாலு நாலு இருந்தால் அதைத் துருப்பாக்கிச் சுலபமாக ஜெயிக்கலாம்.

லிஃப்ட்காரர் அந்த இரண்டு கிளாவரைச் சொல்லவே மாட்டார். கையில் நாலு ஆட்டினை வைத்துக்கொண்டு நேரே 'மூணு நோ டிரம்ப்' என்று தாவிவிடுவார். நாங்கள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து அதிலேயே சீட்டை இறக்கிக் கவிழ்த்துவிடுவோம். முடிந்ததும் பார்த்தால் அவள் கையிலும் நாலு ஆட்டின் இருந்திருக்கும்.

"ஏங்க, கேட்டிருக்கலாமில்ல?" என்பாள்.

"கேக்கணுமா? கூடவே இருக்கேன். உன்கிட்ட என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் கவுந்தோம்?"

அவர் சீட்டைக் கலைக்க ஆரம்பித்துவிடுவார். கப்பல்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "கேட்டா என்ன சார், வாயில இருந்து முத்தா உதிர்ந்துரும்? அவங்க கையை நீங்க ஊகம் பண்றதுக்கா இவ்வளவு பெரிய முறையைக் கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க?"

இதே கதை வாராவாரம். பாடத்தில் மற்றதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாயிண்ட் எண்ணுவதில் என்னையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். அந்த ஒரு கேள்வி மட்டும் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொள்ளும்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் மாடிப்படியில் அவரை மடக்கினேன்.

"தம்பி, வேற ஊர் வேலைக்கு அவ போறாளா இல்லியா? கேட்டீங்களா?"

இது எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கட்டடத்தில் யாருமே கேட்பதில்லை. "போகணும்னு இருந்தா சொல்லுவா. நான் போயி கேட்டா, போகாதேன்னு சொல்ற மாதிரி ஆயிரும்."

அடக் கடவுளே என்று நினைத்துக்கொண்டே, சர்க்கரை கடன் கேட்கும் சாக்கில் அவளிடம் போனேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள். "அவருக்கு அக்கறை இருந்தா கேப்பாருக்கா. நானா சொன்னா, விட்டுட்டுப் போறேன்னு சொல்ற மாதிரி ஆயிரும்."

"இப்படி ரெண்டு பேரும் பாஸ், பாஸ்னே உக்காந்திருந்தா?"

"நாலு பேரும் பாஸ் சொன்னா ஆட்டமே இல்லைன்னு கப்பல் சார் சொன்னாருல்ல," என்றாள். "சீட்டை எடுத்து வெச்சிர வேண்டியதுதான். திங்கக்கிழமை பதில் எழுதணும்." சர்க்கரைக் கிண்ணத்தை நிரம்பவே நிரப்பிக் கொடுத்தாள். ஆனால் துலக்கின பாத்திரத்தையே மறுபடியும் மறுபடியும் தேய்த்தாள்.

திங்களுக்கு முந்தின நாள் ஞாயிறு. அன்றுதான் கிளப்பின் முதல் போட்டி. ஹாலில் ஆறேழு மேஜை போட்டிருந்தார்கள். பல் டாக்டர் ஜோடி, வங்கிக்காரர்கள் என்று எல்லோரிடமும் தோற்று, சரி, என்னால் தோற்று, கப்பல்காரரின் முகம் சுண்டிப்போயிருந்தது. கடைசிச் சுற்றில் எங்களோடு மோத வந்து உட்கார்ந்தவர்கள் யார்? எதிர் வீட்டார்தான்.

அவர்கள் அன்றைக்கு இரண்டு தடவை மூணு நோ டிரம்பில் கவிழ்ந்திருந்தார்கள். பல் டாக்டரின் மனைவி ஒரு தடவை சிரித்தேவிட்டாளாம். எக்ஸ்ரேக்காரியின் முகம் உறைந்திருந்தது. நாளைக்கு என்ன எழுதப் போகிறாள் என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

சீட்டுப் போட்டாயிற்று. அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஒரு நோ டிரம்ப்."

கப்பல்காரர் பாஸ். லிஃப்ட்காரரின் முறை. நான் மனசுக்குள் மூணு நோ டிரம்ப் என்று சொல்லிக்கொண்டேன். அவர் இடது உள்ளங்கையை மேஜைமேல் வைத்தார், லிஃப்ட் சுவரில் வைப்பாரே, அதேபோல. எதிரே அவள் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இரண்டு கிளாவர்," என்றார்.

என் முறை. பாஸ் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அர்த்தம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது, கப்பல்காரரே வகுத்துக் கொடுத்த உரிமை. எக்ஸ்ரேக்காரியைப் பார்த்துக் கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் சொன்னதுக்கு என்னம்மா அர்த்தம்?"

அவள் சீட்டிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"அவரு என்னைக் கேக்கிறாரு," என்றாள். குரலை ஏற்றவில்லை, இறக்கவில்லை. விதிப்படிதான் சொன்னாள். "நாலு ஆட்டினோ நாலு இஸ்பேடோ என் கையில இருக்கான்னு... கேக்கிறாரு."

'கேக்கிறாரு' என்பதை இரண்டு தடவை சொல்ல விதியில் தேவையில்லை. கப்பல்காரரும் அதைக் கவனித்தார்; ஆனால் முறைக்கவில்லை. நான் பாஸ் சொன்னேன்.

"இரண்டு ஆட்டின்," என்றாள் அவள். இருக்கிறது என்று அர்த்தம்.

கேட்டவர்தான் அடுத்து முடிவு சொல்ல வேண்டும், அதுதான் இந்தக் கேள்வியில் உள்ள வில்லங்கம். லிஃப்ட்காரர் யோசிக்கவே இல்லை. "நாலு ஆட்டின்." ஆறும் நாலும் பத்து, பத்துப் பிடி பிடிக்கிறோம் என்று பந்தயம்.

ஆட்டினை முதலில் சொன்னவள் அவள். அதனால் அவள்தான் ஆட வேண்டும். அவர் தன் பதிமூன்று சீட்டையும் எல்லோரும் பார்க்க மேஜைமேல் விரித்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அப்படி உட்காருபவருக்கு டம்மி என்று பெயர். அவருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயரை நானே வைத்திருக்க முடியாது. ஒவ்வொரு இனமாகப் பிரித்து, ஓரம் பிசகாமல் அடுக்கி வைத்தார். நாலு ஆட்டின் வரிசையாக இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, "நன்றிங்க" என்றாள். அது ஆட்டத்தில் எல்லோரும் சொல்லும் மரியாதைதான். இவள் சொன்னபோது அவருக்குக் காது சிவந்தது.

பத்துப் பிடியும் சரியாக வந்தது. நான் ஒரு ராஜாவைத் தப்பான நேரத்தில் போட்டதும் காரணம் என்று கப்பல்காரர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பரிசெல்லாம் பல் டாக்டருக்குப் போயிற்று. அதை விடுங்கள். லிஃப்டில் நாங்கள் மூன்று பேர்தான் ஏறினோம். எல்லோருக்கும் ஐந்தாவது மாடி. நான் பொத்தானை அமுக்கும்போது கை கொஞ்சம் தவறி இரண்டு, மூன்று, நாலு எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது.

லிஃப்ட்காரர் அந்த எரியும் பொத்தான்களைப் பார்த்தார். வேறு நாளாயிருந்தால் முகம் சுளித்திருப்பார். சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது மாடி. கதவு திறந்தது, யாரும் இல்லை, மூடியது.

"அங்க போகணும்னு உனக்கு இருக்கா?" என்றார், கதவைப் பார்த்துக்கொண்டே.

நான் புருவத்தைக் கீழேதான் வைத்திருந்தேன்.

மூன்றாவது மாடி. திறந்தது, மூடியது.

"இருக்கு," என்றாள் அவள். "ரொம்ப இருக்குங்க."

அவர் தலையாட்டினார். லிஃப்ட் மேலே போனது. கேட்டவர்தான் அடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு நினைவிருந்ததா என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. நாலாவது மாடியில் கதவு திறந்து ஒரு யுகம் அப்படியே நின்றது.

"அந்த ஆஸ்பத்திரி எத்தனை மாடி?"

"ஒம்பது."

"லிஃப்ட்?"

"நாலோ அஞ்சோ இருக்காம். ஒண்ணு எப்பவும் கெட்டுத்தான் கிடக்குமாம்."

"கெட்டே கிடக்குதா?" அவர் முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினார். "அப்ப சரியா பாக்கற ஆள் அங்க இல்ல."

"இல்லைன்னுதான் நினைக்கிறேன்."

"நாளைக்கு எழுதும்போது அதையும் விசாரிச்சு எழுது. நானும் வர்றேன்ல, வந்து சும்மாவா உக்காந்திருப்பேன்?"

அவள் கையில் இருந்த பையை அவர் வாங்கிக்கொண்டார். ஐந்தாவது மாடியில் கதவு திறந்தது. அதுவரை நான் பொறுத்துக்கொண்டதே பெரிய விஷயம்.

"அப்ப வீட்டை என்ன பண்ணப் போறீங்க தம்பி? வாடகைக்கு விடறதா? யாருக்கு?"

லிஃப்ட்காரர் சாவியை எடுத்தபடி திரும்பிப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் சிரித்தார்.

"அக்கா," என்றார், "உங்க முறை வரட்டும்."